களவுபோன அரைமணி

தோணிக் கயிறு அறுந்தபோது றஊப் ஆற்றின் இக்கரையில், அதாவது தப்பான கரையில், நின்றிருந்தான்.

மேல் மலையில் கொட்டிய சித்திரை மழை கித்துல்கலைக்கு வந்து சேர்வதற்குள் களனி கங்கை செம்மண் குழம்பாகிவிட்டது. வேரோடு பிடுங்கிய மூங்கில் புதர் ஒன்று மிதந்து வந்து கயிற்றில் மாட்டியது. கயிறு விண்ணென்று தெறித்தது. ஆளில்லாத தோணி இரண்டு சுற்றுச் சுற்றி வளைவில் மறைந்தது.

"வந்த வழி எங்களுக்கு முந்தி ஓடிட்டு நாநா," என்றான் றஊப்.

மக்கீன் குடையை மடக்கினார். "நல்லது. நாங்க போக ஏலாட்டி, கொன்றவனும் போக ஏலாதே."

மக்கீன் கேகாலை நீதவான் கோட்டில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒரே பொய்யை மூன்று பாஷையிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, மாவனல்லையில் இருந்துகொண்டு உண்மையைத் தேடித் தருவதைத் தொழிலாக்கிக்கொண்டார். றஊப் துணிப் பொட்டணியைத் தோளில் சுமந்து தோட்டம் தோட்டமாகப் போகும் வியாபாரி. வியாபாரம் மந்தமான நாட்களில் மக்கீனுக்கு உதவியாள். அவன் வாயை மூட வைக்க இதுவரை ஒரு கோட்டாலும் முடியவில்லை.

இந்தத் தோட்டத்துக்கு மக்கீனை இழுத்து வந்தவன் அவன்தான். முந்தாநாள் பகல், கொழுந்து வறுக்கும் ஆலையான தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து அணைக்கட்டு மடுவில், மலையில் வேலையை மேற்பார்க்கும் சோணைமுத்துக் கணக்கப்பிள்ளை செத்துக் கிடந்தார். பின்மண்டையில் அடி. பிணத்தைத் தூக்கியபடி நனைந்து நின்றவன் மூக்கையா என்ற தொழிலாளி. அன்று காலைதான் அரைநாள் கூலி மட்டும் எழுதி அரைப்பேர் போட்டதற்காகக் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடித்திருந்தான். அவனைப் பழைய கோப்பி ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. ஆறு வடிந்ததும் பொலிஸ் வந்து கொண்டுபோகும். அதற்குப் பிறகு தூக்குமரம்தான். நேற்று றஊப் இங்கே துணி விற்க வந்தபோது, மூக்கையாவின் மனைவி வெள்ளையம்மா, சேலை வாங்குகிற சாக்கில் வந்து றஊப்பின் காலைப் பிடித்து அழுதிருந்தாள்.

துரை அவர்களைப் பங்களா விறாந்தையில் வைத்தே சந்தித்தார். உட்காரச் சொல்லவில்லை. மக்கீனின் ஆங்கிலத்தைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தி, மேசைமேல் ஒரு பாக்கெட் கடிகாரத்தை வைத்தார். கண்ணாடிக்குள் ஆற்று நீர் பனித்திருந்தது. முட்கள் பன்னிரண்டு பத்தில் நின்றுபோயிருந்தன.

"செத்தவன் சட்டைப் பையில் இருந்தது. தண்ணீரில் விழுந்ததும் நின்றுவிட்டது. ஸ்டோர் மணி பன்னிரண்டுக்கு அடித்தது. கூலிகள் சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். மூக்கையா நேரே மடுவுக்குப் போனதை ஐம்பது பேர் பார்த்திருக்கிறார்கள். பத்து நிமிடம் போதாதா?"

"துரையவர்கள் அந்த நேரத்தில்?"

துரை சிரித்தார். "மணி அடிக்கும்போது இதே மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். என் சமையல் அப்புவைக் கேள். ஆறு வடியும்வரை நீங்கள் இரண்டு பேரும் ஸ்டோர் கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம். வேறு எங்கே போகப்போகிறீர்கள்?"

படி இறங்கும்போது றஊப் முணுமுணுத்தான். "சொல்றதெல்லாம் கச்சிதமா ஈக்கிது நாநா. அதுதான் பயமா ஈக்கிது."

கோப்பி ஸ்டோருக்கு ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. உள்ளே வௌவால் நாற்றம். மூக்கையா கம்பிக்குள்ளிருந்து பேசினான். குரலில் சண்டையெல்லாம் வடிந்து போயிருந்தது.

"நான் போறப்பவே அவரு கெடந்தாருங்க. உசிரு இருக்குமோன்னுதான் தூக்குனேன். அரைப்பேருக்குச் சண்டை போட்டது நெசந்தாங்க. அதுக்காகக் கொல்லுவாங்களா? அப்புறம் என் பொண்டாட்டி புள்ளைய யாரு பாக்குறது?"

"மணி அடிக்கும்வரை எங்கே நின்றாய்?"

"ஏழாம் நம்பர் மலையிலங்க, எல்லாரோடவுந்தான். மணி அடிக்காம யாருங்க எறங்க முடியும்? வயிறு காஞ்சு உசிரு போகும், மணி மட்டும் அடிக்காது. தை மாசத்துலருந்து அப்புடித்தான் ஆயிப்போச்சு."

"தை மாசத்திலிருந்தா?" மக்கீன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கவர்மெண்டு நேரத்த மாத்திப்புட்டாங்களாம். இனிமே காலம்பற வேலை நீளமாத்தான் இருக்கும், கொழும்புலயும் இப்படித்தான்னு தொரை காலையில பேர் எடுக்குற பிரட்டுல நின்னு சொன்னாரு. எங்களுக்கு என்னங்க தெரியும்?"

திரும்பி நடக்கையில் றஊப் கேட்டான். "நேரத்தை மாத்தினது மெய்தானே நாநா? மாவனல்லைத் தபால் கந்தோர்லயும் முள்ளைத் தள்ளினாங்களே?"

"மெய்தான். முந்தி கொழும்புக்கு ஒரு நேரம், தோட்டத்துக்குத் தோட்டம் வேற நேரம். தந்தியும் ரயிலும் வந்த பொறகு அது சரிவருமா? அதால இந்த வருசம் ஜனவரி ஒண்டுல இருந்து முழு இலங்கைக்கும் ஒரே மணி, இந்தியாவுக்கும் அதே மணி. அதுக்காக முள்ளைப் பத்து நிமிசம் மாதிரி முன்னுக்குத் தள்ளினாங்க. அவ்வளவுதான்." மக்கீன் நின்றார். "முள்ளை முன்னுக்குத் தள்ளினா அந்த ஒரு நாள்தான் கொஞ்சம் கட்டையாகும். நாளும் பொழுதும் காலை வேலை எப்படி நீளும் றஊப்?"

றஊப் விரலை மடித்து எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரிவரவில்லை.

சோணைமுத்துவின் மனைவி புஷ்பம் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், தன் காம்பராவின் மூலையில் சுருண்டு கிடந்தாள். கடிகாரத்தைப் பற்றிக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"வருசப் பொறப்புக்கு ஊருப்பக்கம் போயிட்டு வாறப்ப வாங்கினாருங்க. தோட்டத்துல தொரைகிட்டயும் ஸ்டோர்லயுந்தான் மணி பாக்குற சாமான் இருக்கு, மூணாவது இதுதான்னு ஒரே பெருமை. எட்டியாந்தோட்டை டேசன்ல எறங்கி, டேசன் கடிகாரத்தப் பாத்து முள்ள வச்சுக்கிட்டாராம். மறுநாளு மலைக்குப் போறப்பவும் எடுத்து எடுத்துப் பாத்தாரு. அதுதான் நான் பாத்த கடைசி."

அவள் அழவில்லை. கண்ணீரெல்லாம் முந்தியே தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை மழை விட்டு வெயில் அடித்தது. ஆறு மட்டும் இறங்கவில்லை. எங்கே திரும்பினாலும் மலை, இல்லாவிட்டால் தண்ணீர். இந்த ஜனங்கள் துரை எழுதித் தரும் துண்டு இல்லாமல் ஆற்றைத் தாண்டினால் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். ஆறு வடிந்தால் றஊப் போய்விடலாம். வடிந்தாலும் இவர்கள் போக முடியாது. இத்தனை வருடம் இவர்களுக்குச் சேலை விற்றவனுக்கு அது இன்றைக்குத்தான் உறைத்தது.

பகல் வெயில் ஏறியதும் மக்கீன் ஸ்டோர் முற்றத்தில் குடையைச் செங்குத்தாக நட்டு வைத்து, அதன் எதிரே குந்தினார்.

"என்ன நாநா, குடையை விதைச்சு மழையை அறுக்கப் போறீங்களா?"

"ளுஹர் தொழ வேணும். பள்ளியும் இல்லை, மணியும் இல்லை. நிழலைப் பார்த்துத்தான் தொழ வேணும்."

குடையின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் காலடியிலேயே சுருண்டு படுத்தது. சற்றுப் பொறுத்து, கிழக்குப் பக்கம் மெல்ல நாக்கை நீட்டியது. சூரியன் உச்சி சாய்ந்துவிட்டது. மக்கீன் துண்டை விரித்தார். இரண்டு பேரும் தொழுதார்கள். தொழுது, துஆ ஓதி, துண்டை உதறி மடித்து, றஊப் வெற்றிலைப் பையையும் திறந்துவிட்டான்.

அப்போதுதான் ஸ்டோர் மாடியில் தொங்கிய தண்டவாளத் துண்டு ஙணங் ஙணங் என்று பன்னிரண்டு அடித்தது.

மக்கீன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "றஊப், எங்கட ஊர்ல தபால் கந்தோர் பன்னிரண்டு அடிச்ச பொறகா நிழல் சாயும், அடிக்க முந்தியா?"

"இந்தப் புது நேரம் வந்த பொறகு, அடிச்சு ஒரு வாய் வெத்திலை மென்று துப்பின பொறகுதான்." சொல்லி முடித்ததும் அவன் வாய் திறந்தபடியே நின்றது. "யா அல்லாஹ்! இஞ்ச சூரியன் சாஞ்சு எவ்வளவு நேரம்! இந்த மணி அரைமணி பிந்தி நாநா!"

"அப்ப செத்தவர்ட கடிகாரம் டேசன் நேரம். பன்னிரண்டு பத்து. இந்த மணிக்கு அது எத்தனை?"

"பன்னிரண்டே ஆகல்ல." றஊப் வெற்றிலைப் பையைக் கீழே போட்டான். "மணி அடிக்க முந்தியே மனிசன் செத்திட்டார்! அந்த நேரம் மூக்கையா மலையில!"

"மூக்கையா மட்டுமில்லை, மலையில் நின்ற எல்லாருக்கும் சாட்சி இருக்கு. மலையில் நிற்காத ஆட்கள் யார் என்றுதான் இனிப் பார்க்க வேணும்."

கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறும் மரப்படியின் உச்சியில் அந்தக் கடிகாரம் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்தது. பக்கத்திலேயே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கூரைச் சட்டத்தில் தண்டவாளத் துண்டு. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஆண்டியப்பன் அவர்களை மேலே கூட்டிப்போகவே தயங்கினார். நெற்றியைத் துடைத்துத் துடைத்துத் துண்டு ஈரமாகியிருந்தது.

"கடிகாரத்தைத் திறங்கள் பார்ப்போம்."

"சாவி என்கிட்ட இல்லீங்க. தொரைகிட்டதான். அவருதான் தெனமும் பத்து மணிபோல வந்து கடிகாரத்துக்குச் சாவி குடுத்துட்டுப் போவாரு. சாயங்காலம் ஸ்டோர் மூடினப்புறமும் ஒருக்கா வருவாரு."

றஊப் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். ஒரு காலத்தில் அவன் பொட்டணியில் கடிகாரமும் விற்றவன்.

"தினமுமா? ஐயா, இது எட்டு நாள் கடிகாரம். வாரத்துக்கு ஒருக்காச் சாவி குடுத்தாப் போதும். தினமும் ரெண்டு தரம் சாவி குடுத்தா ஸ்பிரிங் எப்பவோ அறுந்து..." அவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"சாவி கொடுக்க வரவில்லை," என்றார் மக்கீன். "காலையில் முள்ளை அரைமணி பின்னுக்கு இழுக்க ஒரு தரம். யாருக்கும் தெரியாமல் திரும்ப முன்னுக்குத் தள்ள ஒரு தரம். பெரிய பகற்கொள்ளை இது டீமேக்கர் ஐயா. கேள்வி வந்தால் பழியைப் போட அரசாங்கத்தின் புது நேரம் இருக்கிறது. சோணைமுத்து கடிகாரத்தோடு வந்து கேட்டது உங்களையா, துரையையா?"

டீமேக்கரின் முகம் செத்துப்போயிற்று. அவர் படியிறங்கிப் போனார். கீழே கதவு சாத்தியது. வெளியில் தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்து அவர் பங்களாப் பக்கம் ஓடும் சத்தம்.

றஊப் இறங்கிப் போய்க் கதவில் தோளைக் கொடுத்தான். பலாப் பலகை அசையவில்லை. மாடி ஜன்னல்களெல்லாம் கம்பி வலை; அந்தத் தண்டவாளத்துக்கு எதிரே மட்டும் கை போகும் அளவுக்கு வலையை வெட்டியிருந்தது. அடுப்பறை வெக்கை பலகை இடுக்கால் மேலே ஏறியது. வாடும் கொழுந்தின் பச்சை வாசம் மூக்கை அடைத்தது. கீழே நெருப்பு எரிகிற கட்டிடம், மேலே காய்ந்த மரம். ஒரு விபத்து நடந்தால் துரை சொல்வதுதான் சாட்சி என்பது றஊப்பின் மனதில் ஓடியது.

"நாநா, நான் மௌத்தாகினா என்ட பொட்டணியில ஈக்கிற சீத்தைத் துணியெல்லாம் உம்மாவுக்கு. கடன்காரங்களுக்கு என்ட சலாம்."

பகிடி விட்டவன் மறுபடியும் கதவில் தோளைக் கொடுத்தான். மக்கீன் அவன் தோளில் கை வைத்தார். "பயமாயிருக்கா?"

"கோப்பி ஸ்டோர்ல மூக்கையா மூணு நாளா இப்படித்தானே நாநா ஈக்கிறான்? அதைத்தான் நினைச்சேன்."

"இந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி எல்லாரும் கேட்கிற குரல் எது றஊப்?"

றஊப் ஜன்னலைப் பார்த்தான். மூலையில் சுத்தியல் சாய்ந்திருந்தது. வலை வெட்டிய ஓட்டையால் கையை விட்டுத் தண்டவாளத்தை ஓங்கி அடித்தான். எண்ணாமல், நிறுத்தாமல், தோள் கழன்றுவிடும்போல அடித்தான்.

எண்ணிக்கை இல்லாமல் மணி அடித்தால் ஸ்டோரில் தீ என்று அர்த்தம். ஏழாம் நம்பர் மலையிலிருந்து கூடையோடு பெண்கள் இறங்கினார்கள். கவ்வாத்துக்காரர்கள் கத்தியோடு ஓடிவந்தார்கள். லயத்திலிருந்து குடத்தில் தண்ணீரோடு வந்தார்கள். முற்றம் நிறைந்தது. கடைசியில் குதிரையில் துரை வந்தார். பின்னால் மூச்சிரைக்க டீமேக்கர்.

"யார் மணி அடிக்கிறது? எல்லாரும் வேலைக்குப் போ!" துரையின் தோட்டத் தமிழ் அதிர்ந்தது.

மக்கீன் வலையில் வாயை வைத்து, கோட்டில் கூப்பிடும் அதே குரலில் கேட்டார். "ஏழாம் நம்பர் மலைக்காரர்களே! முந்தாநாளுக்கு முந்தின நாள் மணி அடிக்கும்வரை மூக்கையா எங்கே நின்றான்?"

"எங்ககூடத்தாங்க! பக்கத்து நிரை!" பல குரல்கள்.

"சோணைமுத்து செத்தது மணி அடிக்க முந்தி. அவர் கடிகாரம் டேசன் நேரம் காட்டியது. இந்த ஸ்டோர் மணி தினமும் அரைமணி பிந்தி அடிக்கிறது. அந்த அரைமணியை உங்களிடமிருந்து தினமும் திருடியிருக்கிறார்கள். கடிகாரத்தோடு வந்த மனிதன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்!"

கூட்டம் முணுமுணுத்தது. துரை ஒரு கணம் யோசித்தார். பிறகு சவுக்கால் டீமேக்கரைக் காட்டினார்.

"மணி இவன் பொறுப்பு. அப்படியானால் கொன்றதும் இவன்தான். பிடித்துக் கட்டு!"

ஆண்டியப்பன் துரையை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, திகைப்பு. இத்தனை நாள் இந்த மனிதருக்காக வாயைப் பூட்டி வைத்திருந்தவர். இப்போது அந்த வாய் தானாகத் திறந்தது.

"தொரை... நானா? நானா தள்ளினேன்?" அவர் குரல் உடைந்தது. "புஷ்பம், கேட்டுக்கம்மா. உன் புருசன் கடிகாரத்தக் கையில புடிச்சுக்கிட்டு வந்து, ஏன் இன்னும் மணி அடிக்கலன்னு என்கிட்டதான் கேட்டாரு. தொரை அணைக்கட்டுல நின்னாரு. உன் புருசன் கடிகாரத்தப் பையில போட்டுக்கிட்டு நேரா அங்க போயிட்டாரு. அடுத்த தோட்டத்துக்காரங்களுக்கும் சொல்லுவேன்னாரு. தொரை நெஞ்சுல கைய வச்சு ஒரே தள்ளு. கல்லுல மண்டை பட்டு மடுவுல விழுந்தாரு. நான் இந்தக் கதவு நிழல்ல நின்னு பாத்தேன். பாத்துட்டு, வாயத் தொறந்தா இந்த ஆத்தத் தாண்ட முடியாதுன்னு பேசாம உள்ள வந்து கொழுந்து வறுத்தேன்."

"மணி அடிக்கும்போது சூப் குடித்தேன் என்றீர்கள், துரை," என்றார் மக்கீன் ஜன்னலிலிருந்து ஆங்கிலத்தில், கோபமில்லாமல். "மெய்தான். அது கொலைக்குப் பிந்திய சூப்."

துரை கட்டளையிட்டார். யாரும் அசையவில்லை. திரும்பவும் கட்டளையிட்டார். வெள்ளையம்மா கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கோப்பி ஸ்டோர்ப் பக்கம் நடந்தாள். கவ்வாத்துக் கத்திக்காரர்கள் நாலு பேர் அவள் பின்னால் போனார்கள். யாரோ வந்து மாடிப்படிக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்கள். துரை குதிரையைத் திருப்பிப் பங்களாவுக்குப் போய்க் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். ஒருவரும் அவரைத் தொடவில்லை. சும்மா பங்களாப் புல்தரையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்த நாள் ஆறு வடிந்தது. இன்ஸ்பெக்டர் புதுக் கயிறும் புதுத் தோணியும் கொண்டு வந்தார். விறாந்தையில் துரையோடு நெடுநேரம் பேசினார். வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிப் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"துரைமேல் கை வைக்க வேண்டுமானால் சாட்சி வேண்டும். இங்கே சொல்வது போதாது. கோட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். யார் வருகிறது?"

விறாந்தையிலிருந்து துரை சொன்னார். "ஒருவருக்கும் துண்டு கிடையாது. தாண்டினால் ஜெயில்."

வெள்ளைக்காரத் துரையைத் தூக்கில் போடும் கோட்டு இந்தத் தீவில் இன்னும் கட்டப்படவில்லை என்பது மக்கீனுக்குத் தெரியும். றஊப் அவர் முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டான்.

ஆண்டியப்பன் எழுந்தார். புஷ்பம் எழுந்தாள். கோப்பி ஸ்டோரிலிருந்து விடுபட்ட மூக்கையா பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தான். பிறகு நிரை நிரையாக எல்லாரும் எழுந்தார்கள். ஒருவரும் பங்களாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதை இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தபோது தோணிக்காரன் மிரண்டுபோய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"எத்தனை பேரு?" என்று கேட்டான் தோணிக்காரன்.

"எல்லாரும்," என்றாள் வெள்ளையம்மா.

தோணி சிறிது. போய்ப் போய் வந்து, பொழுது சாயும்வரை ஓடியது. றஊப் பொட்டணியைக் கரையில் போட்டுவிட்டு, சாரனை மடித்துக் கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.